நாட்டில் இல்லாத நாட்கள்

1

பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்து எட்டு ஒன்பது மாதம் ஆகிறது. ஊரிலிருந்து யார் பேசினாலும் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. பரீட்சை கஷ்டமா, எவ்வளவு செலவாச்சு? பரீட்சை அப்படியொன்றும் கஷ்டமில்லை. எட்டாம் ஹென்றியின் மனைவிமாரை வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. செலவைப் பற்றிப் பேச வேண்டாம். எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்த மூன்றாவது விஷயத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு நாட்டை விட்டு நகராமல் இருக்க வேண்டும் என்பதுதான் அது.

நான் கப்பல்காரன். மரக்காணத்தில் உப்பளக்காரர் வீட்டில் பிறந்து, புதுச்சேரியில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்து, இருபத்திரண்டு வயதில் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறைக்குள் இறங்கியவன். என் மனைவி ஹேமா நர்ஸ். சவுத்தாம்ப்டனில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்து, மகள் நிலாவோடு அவள் இங்கே குடியேறினாள். நானும் சேர்ந்துதான் குடியேறினேன் என்று ஆவணங்கள் சொல்லும். ஆறு மாதம் கப்பல், இரண்டு மூன்று மாதம் விடுப்பு, மறுபடி கப்பல் என்று ஓடிக்கொண்டிருந்தவனைக் குடியேறியவன் என்று எப்படிச் சொல்வது என எனக்குத் தெரியவில்லை. என் துணிப்பை எப்போதும் பாதி கட்டியபடியேதான் அலமாரியில் இருந்தது.

ஹேமாவுக்கும் நிலாவுக்கும் குடியுரிமை வந்தது. வீட்டில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் ஒரு நாட்டார், நான் வேறு நாட்டான் என்றாயிற்று. ஹேமாதான் சொன்னாள். "நீங்களும் வாங்கிடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா மூணு பேரும் ஒரே வரிசையில நிக்கணும்."

விதியைத் தெரிந்துகொள்ள இலவச ஆலோசனை தரும் ஓர் இடத்துக்குப் போனோம். வயதான ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் பொறுமையாக விளக்கினார். சாதாரணமாக ஐந்து ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடிமகளின் கணவன் என்றால் மூன்று போதும். ஆனால் அந்த மூன்று ஆண்டில் நாட்டுக்கு வெளியே இருந்த நாட்கள் இருநூற்று எழுபதைத் தாண்டக் கூடாது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் மட்டும் பார்த்தால் தொண்ணூறைத் தாண்டக் கூடாது.

"கப்பலில் இருந்த நாட்கள்?" என்று கேட்டேன்.

"கப்பல் எங்கே இருந்தது?"

"கடலில்."

"அப்படியென்றால் நீங்கள் நாட்டில் இல்லை."

அவர் சொன்னதில் தவறே இல்லை. இருந்தாலும் பேருந்தில் திரும்பி வரும்போது அது மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. அட்லாண்டிக்கின் நடுவில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது நான் இந்தியாவிலும் இல்லை, பிரிட்டனிலும் இல்லை. ஆயுளில் பாதியை எந்த நாட்டின் கணக்கிலும் சேராமல் கழித்திருக்கிறேன்.

கப்பலில் இருந்தபடி குடியுரிமை வாங்க முடியாது. தொழிலின் தன்மையைப் பார்த்துச் சில சமயம் தளர்த்துவார்கள் என்றும் அந்தப் பெண்மணி சொன்னார். ஆனால் அது அதிகாரியின் விருப்பம். எனக்கு அப்படித் தொங்கிக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. கப்பலை விட்டேன்.

2

சவுத்தாம்ப்டனிலிருந்து எதிரே இருக்கும் வைட் தீவுக்குக் கார்களை ஏற்றிப் போகும் படகில் எஞ்சின் அறை வேலை கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் அக்கரை. இறக்கி, ஏற்றி, மறுபடி இக்கரை. எத்தனை தடவை போய்வந்தாலும் நாட்டை விட்டு வெளியே போகாத கடல் அது. பழைய கப்பல் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவன் கேட்டான், "ஏம்பா, பஸ் ஓட்டுறேன்னு சொல்லேன்." எனக்கும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அதுதான் புதிது. அந்த வீட்டுக்கு என்னைத் தவிர எல்லாம் பழக்கமாக இருந்தது. எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, ஹேமாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் நிலா யார் வீட்டில் சாப்பிடுவது, குளியலறைத் தாழ்ப்பாளை எப்படித் தூக்கிப் போட்டால் விழும், எல்லாவற்றுக்கும் அவர்கள் இருவருக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் கருவாட்டுக் குழம்பு வைத்தால் நிலா ஒன்றும் சொல்ல மாட்டாள். மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வாள். விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று நடந்துகொள்கிற பிள்ளையைப் போல.

ஒரு நாள் பள்ளியில் அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. பள்ளி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. எனக்கு அன்று விடுமுறை, வீட்டில்தான் இருந்தேன். பள்ளியிலிருந்து வார்டில் இருந்த ஹேமாவுக்குப் போன் போய், ஹேமா நோயாளியை விட்டு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் ஓடினேன். வரவேற்பில் இருந்த பெண் நான் யார் என்று கேட்டார்.

"நிலாவின் அப்பா."

அவர் கணினியைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "மன்னிக்கவும், அம்மாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது" என்றார். நிலாவைக் கூட்டிவந்து, "இவர் உன் அப்பாதானே?" என்று கேட்ட பிறகே அனுப்பினார்கள். அவர்கள் கேட்டது சரிதான். முன்பின் பார்க்காத ஆளோடு ஒரு பிள்ளையை எப்படி அனுப்புவார்கள்.

என் தோளைப் பிடித்து நொண்டியபடி வந்தவள் பாதி வழியில் ஆங்கிலத்தில் சொன்னாள், "நீங்க வீட்ல இருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லப்பா. அதான் அம்மா நம்பர் குடுத்தேன்."

கோபமாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். மறுநாள் பள்ளிக்குப் போய் என் எண்ணைச் சேர்த்துவிட்டு வந்தேன். வசிப்பது என்றால் என்னவென்று உள்துறையில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் அந்த நாளைத்தான் சொல்லியிருப்பேன்.

3

இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின. வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய்வந்ததோடு சரி. மூன்றாவது ஆண்டில், நான் விண்ணப்பிக்க எட்டு மாதம் இருக்கும்போது, அக்கா வசந்தா கூப்பிட்டாள். அம்மா முன்பே போய்விட்டாள். ஊரில் எனக்கு இருந்தது அப்பாவும் அக்காவும்தான்.

"அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. வாய் கோணிக்கிச்சு. நீ வந்துட்டன்னா தேவல."

சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாசி மாதம், உப்பு விளைய ஆரம்பித்திருந்தது. அக்காவும் அவள் கணவரும் விடிவதற்குள் பாத்திக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறிய பிறகு உப்பு வார முடியாது, கண் கூசும், கால் வெந்துவிடும். அவர்கள் திரும்பும் வரை அப்பாவுக்கு நான்தான். துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டுவேன். இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் அவ்வளவு நாள் இருந்தது அப்போதுதான்.

அப்பாவுக்குப் பேச்சு குழறியது. ஆனால் தினமும் காலையில் ஒரு கேள்வி மட்டும் தெளிவாக வரும்.

"லீவு முடிஞ்சிருச்சா?"

"இல்லப்பா. நான் கப்பல்ல இல்ல இப்போ. கரையில வேலை."

தலையசைப்பார். மறுநாள் மறுபடி, "லீவு முடிஞ்சிருச்சா?" பத்து நாளுக்குப் பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன். "இன்னும் இருக்குதுப்பா" என்றால் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் இவ்வளவு நாள் தாங்குவார் என்று டாக்டர்கள் எதிர்பார்க்கவில்லை. ஹேமா ஒவ்வொரு வாரமும் போனில் அப்பாவைப் பற்றிக் கேட்பாள், பிறகு கொஞ்சம் தயங்கி, "நாள் கணக்கு பாத்துக்கறீங்களா?" என்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே ஓட்டம்தான் உள்ளுக்குள். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, மனதில் ஒரு மூலை எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் மூச்சையும் விண்ணப்பத்தின் நாட்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் நிலை எந்த மகனுக்கும் வரக் கூடாது.

சித்திரை முடிவில் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது தொண்ணூறில் ஒன்றுகூட மிச்சமில்லை. மறுநாளே கிளம்ப வேண்டியிருந்தது. ஈ.சி.ஆர். ரோட்டில் நானும் அக்காவும் டாக்சிக்குக் காத்துக்கொண்டு நின்றோம். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பாத்திரம் திருப்பிக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் அக்கா தலையில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று இருவருக்கும் தெரியும்.

"போயிட்டு வா" என்றாள்.

4

அக்கா மகள் கனிமொழிக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் இடையஞ்சாவடி, எலெக்ட்ரீஷியன், நல்ல பையன். நான் விண்ணப்பிக்கும் தேதி அதற்கு ஏழெட்டு வாரம் கழித்து.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் பெண்ணுக்கு ஒன்றும் நடக்காது. புடவை, மாலை, சீர்த்தட்டு எல்லாம் அவன் கொண்டுவர வேண்டும். மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவதும் அவன்தான். கனிக்கு நான் ஒரே மாமன். அவளுடைய காதுகுத்துக்கும் சடங்குக்கும் நான் வரவில்லை. ஒரு தடவை பிரேசில் கரையிலும் இன்னொரு தடவை எங்கோ சூயஸ் பக்கமும் இருந்தேன். இரண்டு தடவையும் அப்பாவே என் இடத்தில் நின்று செய்தார். இப்போது அப்பாவும் இல்லை.

போனால் தொண்ணூறு தாண்டும். ஆலோசனைப் பெண்மணியிடம் திரும்பவும் போனேன். "இரண்டு மூன்று நாள் கூடுவதைப் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார்கள்" என்றார். "ஆனால் நான் உறுதி தர முடியாது." தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். தாராளமாக, அடுத்த வருடம் அப்பாவோடு இருந்த நாட்கள் கணக்கிலிருந்து விலகிய பிறகு போடலாம் என்றார். ஆனால் அந்த மாதங்களில் செய்தியைத் திறந்தாலே குடியேற்ற விதி மாறப்போகிறது என்ற பேச்சாக இருந்தது. ஹேமாவின் மருத்துவமனையில் பாதி நர்ஸுகள் அதைத்தான் பேசினார்கள்.

"எனக்குப் போகாதீங்கன்னு சொல்ல வாய் வரல. போங்கன்னும் சொல்ல முடியல" என்றாள் ஹேமா.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் கூப்பிட்டு, விதியை முடிந்தவரை புரியும்படி சொன்னேன். அவளுக்குப் பின்னால் சல்லடையில் உப்பு விழும் சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு இருந்த நாளையும் சேத்துத்தான் கணக்கு வப்பாங்களா?"

"ஆமாக்கா."

"சாவுக்கு வந்ததுகூடவா?"

"எதுக்குப் போனேன்னு இல்ல. இருந்தேனா இல்லையான்னுதான்."

யாரையோ சல்லடையை நிறுத்தச் சொன்னாள். பிறகு, "நீ வராத தம்பி" என்றாள். "மூணு வருஷம் கட்டிக் காத்துட்டு ரெண்டு நாளுக்காவ கெடுத்துக்க வாணாம். நான் பாத்துக்கறேன். கனிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. அக்காவே சொல்லிவிட்டாள், போதும் என்று நினைத்தேன்.

5

ஹேமாவும் நிலாவும் போனார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. நிலா முதலில் முரண்டு பிடித்தாள். பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது, தோழிகளோடு ஏதோ ஏற்பாடு இருந்தது. "எனக்கு அங்க யாரோடயும் பேசத் தெரியாது" என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள். அவளுடைய தமிழ் அப்போது அப்படித்தான் இருந்தது. கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும், தமிழில் பேசினால் எல்லோருக்கும் "நீங்க" போடுவாள், ஆட்டுக்குட்டிக்கும்கூட.

அவர்கள் போன பிறகு வீட்டில் நான் மட்டும். குடும்பத்தோடு சேர்ந்திருக்கத்தான் குடியுரிமை. அதற்காகக் குடும்பத்தைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, பூட்டிய வீட்டில் ஓர் ஆள் வசித்துக்கொண்டிருந்தான். அந்த நாட்களும் வசித்த நாட்களாகவே சேரும். விதிக்கு அதில் ஆட்சேபனை இல்லை.

முகூர்த்தம் அங்கே காலை ஒன்பதுக்கு மேல். இங்கே விடியும் நேரம், எனக்கு முதல் படகு. விடுப்பு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. எஞ்சின் அறையில் போன் எடுக்காது என்பது அன்று எனக்குச் சௌகரியமாக இருந்தது. மேலே வந்து போனை எடுத்தபோது நிலாவிடமிருந்து நான்கு அழைப்புகள். பயந்துபோய்க் கூப்பிட்டேன்.

"அப்பா, நான் மாமா பண்ணேன்" என்றாள், மூச்சு வாங்கியபடி.

எனக்குப் புரியவில்லை. ஹேமா போனை வாங்கிச் சொன்னாள். மாலை போட யார் என்று கேள்வி வந்தபோது, பங்காளி முறையில் பெரியவர் ஒருவர், "நம்ம செல்வத்த செய்யச் சொல்லு, அவனும் ஒனக்குத் தம்பி மொறதான்" என்றிருக்கிறார். அக்கா மறுத்துவிட்டாள். சீர்த்தட்டை நிலா கையில் கொடுத்திருக்கிறாள். பொம்பளப் புள்ள மாமன் மொறை செய்யுமா என்று நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். அக்கா சபையைப் பார்த்து, "அவங்கப்பன் எடத்துல அவ நிக்கிறா. இதுல பேச என்னா இருக்குது" என்று மட்டும் சொன்னாளாம். நிலா மாலையைப் போட்டு, கனியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணையில் உட்காரவைத்திருக்கிறாள்.

"கனி அக்கா என் கைய இறுக்கிப் பிடிச்சிட்டாங்கப்பா" என்றாள் நிலா மறுபடி போனை வாங்கி. "நானும்தான். அத்தை என் முதுகுல கைய வச்சிட்டே வந்தாங்க."

நான் மேல்தளத்தில், கார்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னிடம் மொத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள் என்பதே போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் அக்காவோடு பேசினேன். கல்யாணம் நன்றாக நடந்தது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மழை வரவில்லை என்று எல்லாம் சொன்னாள். "ஒன் பொண்ணு கெட்டி" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

6

ஐப்பசியில் விண்ணப்பித்தேன். சில மாதங்களில் வந்துவிட்டது. நகரமன்ற அரங்கில் முப்பது பேரோடு நின்று உறுதிமொழி சொன்னேன். ஒருவர் கை குலுக்கினார், தேநீர் கொடுத்தார்கள். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தபோது ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ நீ இந்தியாக்காரன் இல்லியா?"

"சட்டப்படி இல்லக்கா."

"ரேஷன் கார்டுல ஒன் பேரு இன்னும் இருக்குதே."

"எடுத்துடணும்க்கா."

"எடுக்கறேன், எடுக்கறேன்" என்றாள், அவசரமில்லாமல். இன்றுவரை எடுத்திருப்பாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

போன மாதம் என் பழைய சீஃப் எஞ்சினியர் கூப்பிட்டார். புதுக் கப்பல், நல்ல எஞ்சின், ஆறு மாத ஒப்பந்தம், இரண்டு வாரத்தில் சிங்கப்பூரில் ஏற வேண்டும். "இப்பதான் ஒனக்குப் பாஸ்போர்ட் வந்துடுச்சே, இன்னும் என்னாத்துக்கு அந்தப் படகுல குந்திக்கினு இருக்கிற?" என்றார். மனுஷர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரிய எஞ்சினின் சத்தம் இன்னும் எனக்குக் கனவில் கேட்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். ஹேமா தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். நிலாதான் கேட்டாள்.

"இப்ப நீங்க போனா கவர்மென்ட்ல யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க, இல்லப்பா?"

"மாட்டாங்க. இனிமே எத்தனை நாள் வெளிய இருந்தாலும் அவங்களுக்கு ஒண்ணுமில்ல."

அவள் தண்ணீரைக் குடித்து வைத்தாள்.

"நான் கேப்பேன்" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் முதல் படகுக்குப் போகும் முன், வர இயலாது என்று சீஃபுக்கு இரண்டு வரி அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள். மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. காற்றில் கீற்று சலசலக்கும் சத்தம் கேட்டது. கப்பலுக்குக் கூப்பிட்டதையும், நிலா சொன்னதையும், போகவில்லை என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே யாரிடமோ கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னாள். பிறகு போனைக் காதுக்கு நெருக்கி வைத்துக்கொண்டாள் போல, குரல் பக்கத்தில் வந்தது.

"அவளுக்கு வாயத் தொறந்து கேக்கத் தெரிஞ்சிருக்குது, தம்பி" என்றாள். "நான் ஒன்ன ஒரு தபாகூட கேக்காமலே வுட்டுட்டேன்."